ஓபர்லின் இசைப்பள்ளி: பியானோ ஆடிஷனுக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோருக்கு ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் பிள்ளையைப் பியானோ படிக்க வைக்க நினைக்கும் நம்மவர்களுக்கு முதலில் தெரியவரும் பெயர்கள் பெரும்பாலும் நியூயார்க்கின் ஜூலியார்டும் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸும்தான். ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லண்டுக்குத் தென்மேற்கே 35 மைல் தொலைவில், ஏறத்தாழ 8,000 பேர் வாழும் ஒரு சிற்றூரில் இருக்கும் ஓபர்லின் இசைப்பள்ளியின் பெயர் நம் வட்டாரத்தில் அவ்வளவாக அடிபடுவதில்லை. 1865-ல் தொடங்கிய இந்தப் பள்ளி, அமெரிக்காவில் இடைவிடாமல் நடந்துவரும் இசைப்பள்ளிகளில் மிகப் பழையது. என் மகளின் ஆடிஷனுக்காக இந்தக் குளிர்காலத்தில் அங்கே போய் வந்தோம். விண்ணப்பம் போடலாமா, போட்டால் நேரில் போக வேண்டுமா, வீடியோ அனுப்பினால் போதாதா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசைப்பள்ளிகளின் கையேடுகளில் பளபளக்கும் கச்சேரி அரங்கின் படம்தான் முதல் பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒரு பியானோ மாணவர் பட்டப்படிப்பு முழுவதிலும் அந்த மேடையில் உட்காரும் நேரம் சொற்பம். நாளுக்கு நான்கைந்து மணி நேரம் அவர் உட்காரப்போவது பயிற்சி அறையில். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆசிரியரின் அறையில். ஆகவே பயிற்சி அறை எப்படி இருக்கிறது, அதிலுள்ள பியானோ எந்த நிலையில் இருக்கிறது, அந்த ஒரு மணி நேரம் யாரிடம் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் போதும் என்று எண்ணியே கிளம்பினோம். இந்த மூன்றையும் வீடியோ வழியாகத் தெரிந்துகொள்ள முடியாது.

ஆடிஷன் என்ற நடைமுறை புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய இசைப்பள்ளிகள் பலவற்றில் பியானோவுக்கு முதலில் பிரீஸ்கிரீனிங் உண்டு. பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்துக்குள் வாசித்துப் பதிவுசெய்த வீடியோவை அனுப்ப வேண்டும். அதில் தேறியவர்களை மட்டும் குளிர்கால மாதங்களில் நேரில் வாசிக்க அழைப்பார்கள். வாசிக்க வேண்டியவை பள்ளிக்குப் பள்ளி சற்று மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான்: பாக்கின் ஒரு பிரெலூட்-ஃபியூக் (ஃபியூக் என்பது இரண்டு மூன்று குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து பின்னிச் செல்லும் இசைவடிவம்) அல்லது அதற்கு இணையான ஒன்று, ஹைடன், மோட்ஸார்ட், பெத்தோவன் காலத்துச் சொனாட்டா ஒன்று, ஷோபான் அல்லது லிஸ்ட் போன்ற ரொமான்டிக் காலத்தவரின் கனமான படைப்பு ஒன்று, இருபதாம் நூற்றாண்டிலிருந்து ஒன்று. சில பள்ளிகள் எட்யூடும் (விரல் திறனைக் காட்டும் பயிற்சித் துண்டு) கேட்கும். எல்லாவற்றையும் நோட்டுப் பார்க்காமல் வாசிக்க வேண்டும்.

சென்னையிலோ கொழும்பிலோ பிள்ளையை லண்டன் இசை வாரியங்களின் கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்த பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்டாம் கிரேடில் டிஸ்டிங்ஷன் வாங்கிய சான்றிதழ் பிள்ளையின் உழைப்புக்குச் சான்றுதான். ஆனால் அந்தத் தேர்வில் சில துண்டுகளும், ஸ்கேல்கள், பார்த்தவுடன் வாசிக்கும் பகுதி போன்றவையும்தான் இருக்கும். இங்கே வேண்டுவதோ, ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கக்கூடிய நிகழ்ச்சி. சான்றிதழ் இருக்கிறதா என்று எங்களை எந்தப் பள்ளியிலும் யாரும் கேட்கவில்லை.

இனி ஓபர்லின். கிளீவ்லண்ட் விமான நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஈரி ஏரி அருகில் இருப்பதால் வானிலை அறிக்கை ஒன்று சொல்ல வானம் வேறொன்று செய்யும். முதல் நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது. ஊரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நடுவில் டாப்பன் சதுக்கம் என்ற 13 ஏக்கர் பூங்கா, அதைச் சுற்றிக் கல்லூரிக் கட்டடங்கள், ஒரு கடைத்தெரு. எல்லாமே நடை தூரம்தான் என்பதால் ஊருக்குள் வந்தபின் காருக்கு வேலையே இல்லை.

இசைப்பள்ளியின் முக்கியக் கட்டடங்களை வடிவமைத்தவர் மினோரு யமசாகி. நியூயார்க்கின் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்தவரும் அவரே. 1960களில் எழுந்த இந்த வெள்ளைக் கட்டடங்களைப் பழைய கற்கட்டடங்கள் நிறைந்த ஊரில் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. உள்ளே நடந்து பார்த்த பிறகு அவற்றின் நியாயம் புரிந்தது. வகுப்பறைகளும் ஆசிரியர் அறைகளும் ஒரு கட்டடத்தில், அரங்குகளும் நூலகமும் நடுவில், பயிற்சி அறைகள் மட்டும் தனியே ராபர்ட்சன் ஹால் என்ற கட்டடத்தில். சத்தம் போடும் இடமும் அமைதி வேண்டும் இடமும் இப்படிப் பிரிந்திருப்பது நாங்கள் பார்த்த வேறு சில பள்ளிகளில் இல்லை.

ராபர்ட்சன் ஹாலில் சுமார் 150 பயிற்சி அறைகள் இருக்கின்றன. மாடிப்படி ஏறியதுமே ஒரு கதவுக்குப் பின்னால் ஷோபான், அடுத்த கதவுக்குப் பின்னால் ஓபோ என்ற குழல் வாத்தியத்தின் ஸ்கேல், அதற்கடுத்து அதே ஷோபானின் அதே நான்கு பார் (தாளக் கட்டம்), மெதுவாக, திரும்பத் திரும்ப. கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியே எந்த அறை காலி என்று பார்த்துக்கொண்டே போகலாம். நாங்கள் நுழைந்த அறை, பியானோவும் பெஞ்சும் போக இரண்டு பேர் நிற்கும் அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் ஜன்னல் இருந்தது. நாளில் பாதியை நிலவறையில் ட்யூப் லைட்டுக்குக் கீழே கழிக்கும் இசை மாணவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால், வெளியே பனி பெய்வதைப் பார்த்தபடி வாசிக்கலாம் என்பதை நான் அற்பமாக நினைக்கவில்லை. பெஞ்சின் தோல் ஓரங்களில் தேய்ந்து வெளுத்திருந்தது. நோட்டு வைக்கும் பலகையில் பென்சில் கிறுக்கல்கள். கீகளுக்கு மேலேயுள்ள மூடியில், வாசிப்பவர்களின் நகம் பட்டுப் பட்டுக் கறுப்பு வார்னிஷ் மங்கி, நடுப்பகுதியில் மட்டும் ஒரு நீண்ட சாம்பல் பட்டை விழுந்திருந்தது.

அது, பேர்பெற்ற ஸ்டைன்வே நிறுவனத்தின் பியானோ. இந்தப் பள்ளி 1877-லிருந்து ஸ்டைன்வே பியானோக்களையே பயன்படுத்தி வருகிறது; இன்று 200க்கும் மேற்பட்ட கிராண்ட் பியானோக்கள் இருக்கின்றன. எண்ணிக்கையைப் பள்ளிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது பராமரிப்பை. பியானோவின் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது. ஒஹையோவின் குளிர்காலத்தில் வெளிக்காற்றை உள்ளிழுத்து ஹீட்டர் சூடாக்கும்போது அறையின் ஈரப்பதம் மளமளவென்று இறங்கும். பலகை சுருங்கி அதன் லேசான வளைவு தளரும். சுமார் 230 தந்திகளின் இழுவை குறைந்து ஸ்ருதி இறங்கிவிடும். கோடையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். நாள் முழுவதும் ஆள் மாற்றி ஆள் அடித்து வாசிக்கும் பயிற்சி அறைப் பியானோவை இந்த நிலையில் வாசிக்கத் தக்கதாக வைத்திருக்கத் தனிப் படை வேண்டும். ஓபர்லினில் அந்தப் படை இருக்கிறது. ஸ்டைன்வே நிறுவனத்துடன் சேர்ந்து பியானோ தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டயப் படிப்பும் இங்கே நடக்கிறது. கையில் கருவிப் பையுடன் ஓர் இளைஞர் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தார். மகள் ஒரு மெல்லிய பகுதியை வாசித்துப் பார்த்துவிட்டு, “அப்பா, எவ்வளவு மெதுவா அழுத்தினாலும் சத்தம் வருது, நம்ம வீட்டுல இப்படி வராது” என்றாள். கீயிலிருந்து தந்தியை அடிக்கும் சுத்தி வரையுள்ள பொறியமைப்பை நுணுக்கமாகச் சரிசெய்யும் வேலையை யாரோ ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

இதோடு ஒப்பிட, வேறோர் ஊரிலுள்ள ஒரு பள்ளியைச் சொல்ல வேண்டும்; பெயர் வேண்டாம். அங்கே ஆடிஷனுக்கு முன் கை பழக்கக் கொடுத்த அறையில் இருந்த அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் சிறிய) பியானோவில் நடு ஸ்தாயியிலேயே ஒரு கீ அழுத்தினால் எழும்பவில்லை. பொறுப்பாளரிடம் சொன்னதற்கு, அடுத்த அறையிலும் இதே கதைதான் என்று சிரித்தார். அந்தப் பள்ளியின் கச்சேரி அரங்கு, படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது.

ஆடிஷன் நாளின் ஏற்பாடுகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்தவுடன் பெயரைப் பதிந்து, கை பழக்க ஓர் அறையைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரு மாணவரே வந்து அழைத்துப் போனார். பெற்றோர் உள்ளே போக முடியாது. எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். கதவருகே காது கொடுத்து நின்ற ஒரு தாயை அவர் மகனே விரட்டிவிட்டான். மகள் வெளியே வந்து சொன்னதை வைத்துத்தான் உள்ளே நடந்ததை எழுதுகிறேன். பெஞ்சின் உயரத்தைச் சரிசெய்ய நிதானமாக நேரம் கொடுத்திருக்கிறார்கள். முதல் துண்டை அவள் விருப்பத்துக்கு விட்டார்கள். அடுத்தடுத்தவற்றை அவர்கள் கேட்டார்கள். ஃபியூக் பாதியில் நிறுத்தப்பட்டது, சொனாட்டாவில் இரண்டாம் பகுதியை மட்டும் கேட்டார்கள், ஷோபானில் கடைசிப் பக்கங்களைத் தொடச் சொன்னார்கள். பாதியில் நிறுத்தினால் பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் இடிந்துபோகிறார்கள். அனுப்பிய வீடியோவை அவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். நேரில் சோதிப்பது ஒலியையும் நிதானத்தையும்தான். ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் எங்கேயுமே கால் மணியை ஒட்டித்தான் இருக்கும். இதைக் கிளம்பும் முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் நடுவே கை தட்டி நிறுத்தி, “அடுத்தது” என்று சொல்லிப் பழக்குவதும் நல்லது.

கைச்சூடு என்ற சிறிய விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பனியில் நடந்து வந்து விரல் விறைத்திருக்கும்போது வாசிக்கத் தொடங்குவது வீண். கையுறை கட்டாயம், வந்தவுடன் வெந்நீரில் கையைக் காட்டிவிட்டுப் பியானோவைத் தொடலாம். வாசிக்கும்போது போட வேறு காலணியும் வேண்டும், பனிக்காலத்துப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பெடல் அழுத்த முடியாது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது மாதிரி வகுப்பைப் பற்றி. பியானோ ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதிக் கேட்டால், நேரமிருப்பவர்கள் பிள்ளையை உட்கார வைத்து ஒரு பாடம் நடத்துவார்கள். சிலர் கட்டணம் கேட்பார்கள், சிலர் கேட்பதில்லை. நேரில் போவதற்கு முதல் காரணமே இதுதான் என்பேன். எங்களுக்கு இசைந்த பேராசிரியரின் அறையில் இரண்டு கிராண்ட் பியானோக்கள் அருகருகே இருந்தன. நான் மூலையில் இருந்த நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். பிள்ளை பாக்கை வாசித்து முடித்ததும் பாராட்டோ திருத்தமோ எதுவும் சொல்லாமல், ஃபியூக்கின் நடுக்குரலை வாயால் பாடிக்கொண்டே மற்ற இரண்டு குரல்களையும் கையால் வாசிக்கச் சொன்னார். சிறு வயதில் பாட்டு வகுப்புக்குப் போனவள் என்பதால் கூச்சப்படாமல் பாடத் தொடங்கினாள், நான்காவது பாரில் கை நின்றுவிட்டது. கை பழக்கத்தில் வாசிக்கிறது, காது அந்தக் குரலைத் தொடரவில்லை என்று காட்டுவதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார். பிறகு அந்த நடுக்குரலைத் தாமே பக்கத்துப் பியானோவில் வாசித்து, அவளை மற்ற இரண்டை வாசிக்கச் சொன்னார். அதற்கப்புறம் இடம் மாற்றிக்கொண்டார்கள். பாடத்தின் பெரும்பகுதி ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. சொனாட்டாவுக்கு வந்தபோது நேரம் குறைவாக இருந்ததால், முதல் பக்கம் முழுவதையும் பெடல் இல்லாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு, எங்கே ஒலி அறுந்துபோகிறது என்று அவளையே குறித்துக்கொள்ளச் சொன்னார். இசை தெரியாத எனக்கே, அந்த அறையை விட்டு வெளியே வரும்போது ஃபியூக்கில் நடுக்குரல் தனியாகக் கேட்டது.

இப்படிப்பட்ட ஆசிரியரின் நேரம் யாருக்குப் போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பெரிய இசைப்பள்ளிகள் பலவற்றில் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் ஏராளம். பேர் பெற்ற ஆசிரியரின் கவனமும் நல்ல மேடை வாய்ப்புகளும் இயல்பாகவே அவர்களுக்குப் போகும். முதலாண்டு மாணவருக்குச் சில இடங்களில் உதவி ஆசிரியர்தான் வாய்ப்பார். ஓபர்லின் பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்கான பள்ளி. 18 வயதில் வந்து சேரும் பிள்ளைக்குப் பேராசிரியரே பாடம் எடுக்கிறார் என்பதை நாங்கள் பேசிய மாணவர்கள் எல்லோரும் முதல் காரணமாகச் சொன்னார்கள். என் கணக்கில் அரங்கு, கட்டடம், பழம்பெருமை எல்லாவற்றையும் விட இது கூடுதல் மதிப்பெண் பெறும்.

அரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர் கச்சேரிகள் பல நடக்கும் வார்னர் அரங்கில் சுமார் 500 பேர் உட்காரலாம். மேடையில் ஃப்ளென்ட்ராப் என்ற டச்சு நிறுவனம் செய்து 1974-ல் வைத்த குழாய் ஆர்கன் இருக்கிறது. ஃபின்னி சேப்பல் 1908-ல் கட்டியது, 1,200 பேர் கொள்ளும். வெளியிலிருந்து பெரிய கலைஞர்களை அழைக்கும் கச்சேரித் தொடர் 1878-லிருந்து நடக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள், பெரும்பாலானவை இலவசம்.

பிள்ளை உள்ளே இருக்கும் நேரத்தில் பெற்றோர் என்ன செய்வது? திறந்திருக்கும் நாளா என்று பார்த்துக்கொண்டு ஆலன் கலைக்கூடத்துக்குப் போகலாம், நுழைவுக் கட்டணமில்லை. 1940களிலிருந்து இங்கே ஒரு வழக்கம் உண்டு: மாணவர்கள் சில டாலர் கொடுத்து அசல் ஓவியங்களை ஒரு பருவத்துக்குத் தங்கள் விடுதி அறையில் மாட்டிக்கொள்ளலாம். டாப்பன் சதுக்கத்தில் நிற்கும் கல் வளைவும் பார்க்கத் தக்கது. 1900-ல் சீனாவின் ஷான்ஸி மாகாணத்தில் கொல்லப்பட்ட ஓபர்லின் மிஷனரிகளின் நினைவாக 1903-ல் கட்டியது. அந்த நினைவில் உருவான ஓபர்லின் ஷான்ஸி என்ற அமைப்புதான் பின்னாளில் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் இளம் பட்டதாரிகளைக் கற்பிக்க அனுப்பியது. மதுரைக்காரனான எனக்கு அந்தக் குளிரில் இதை நினைத்தபோது ஊர் சற்று நெருங்கி வந்ததுபோல் இருந்தது. இசைக்கும் இதற்கும் தொடர்பில்லை, மேலே போகலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, ஊர் மிகச் சிறியது. கிளீவ்லண்ட் ஆர்க்கெஸ்ட்ரா உலகத் தரம் வாய்ந்தது, 35 மைலில்தான் இருக்கிறது; ஆனால் கார் இல்லாத மாணவருக்கு அந்த 35 மைல் நீளம்தான். நியூயார்க்கில் படிப்பவர் வாரந்தோறும் பெரிய பியானோ கலைஞர்களைக் கேட்கலாம், தேவாலயத்திலோ நடனப் பள்ளியிலோ வாசித்துச் சம்பாதிக்கலாம். இங்கே அந்த வாய்ப்புகள் குறைவு. கூட்டத்தையும் நகர வாழ்க்கையையும் விரும்பும் பிள்ளைக்கு இரண்டாவது குளிர்காலத்திலேயே சலித்துவிடும் என்று நினைக்கிறேன். மறுபக்கம், கவனம் சிதற வழியே இல்லாத இடத்தில் நாளெல்லாம் வாசிக்க விரும்பும் பிள்ளைகளும் உண்டு, என் மகள் அந்த ரகம்.

இரண்டாவது, பணம். கர்ட்டிஸில் 1928-லிருந்து எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அங்கே பியானோவுக்கு ஆண்டுக்கு இடம் கிடைப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓபர்லினில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். விடுதியும் சாப்பாடும் சேர்ந்தால் 80,000-ஐயும் தாண்டிவிடும். இதைப் பார்த்தவுடன் பக்கத்தை மூடிவிட வேண்டாம். திறமைக்கான உதவித்தொகையும் குடும்ப வருமானத்தை ஒட்டிய உதவியும் சேர்ந்து ஒவ்வொருவர் கட்டும் தொகையும் வேறுபடும். ஆடிஷனில் எப்படி வாசித்தார் என்பதும் அந்தத் தொகையில் எதிரொலிக்கும். முயற்சி எடுத்து நேரில் போய் வாசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, நம் வீடுகளில் எழும் கேள்வி: பியானோவை மட்டும் படித்தால் பிழைப்புக்கு என்ன வழி? இதற்கு ஓபர்லின் தரும் விடை இரட்டைப் பட்டம். இசைப்பள்ளியும் கலை அறிவியல் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருப்பதால், ஐந்து ஆண்டுகளில் பியானோவில் ஒரு பட்டமும், கணிதமோ உயிரியலோ பொருளாதாரமோ எடுத்து இன்னொரு பட்டமும் வாங்கலாம். இரண்டு பிரிவுகளிலும் தனித்தனியே இடம் கிடைக்க வேண்டும். ஆடிஷனில் தேறியதால் கல்லூரி தானாகச் சேர்த்துக்கொள்ளாது. அங்கே சந்தித்த ஓர் இரட்டைப் பட்ட மாணவி, ஆய்வகம் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பயிற்சி அறைக்கு வர முடிகிறது என்றார். களைப்பாகத்தான் தெரிந்தார், வருத்தமாகத் தெரியவில்லை. பெற்றோரின் நிம்மதிக்காக மட்டும் பிள்ளையை இதில் தள்ளுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை, இரண்டாவது துறையிலும் பிள்ளைக்கே பசி இருக்க வேண்டும். அப்படி இருந்தால், ஏப்ரல் தொடக்கத்தில் முடிவு கைக்கு வந்ததும், மே 1-க்குள் பதில் சொல்வதற்கு முன்னால், உதவித்தொகை நான்கு ஆண்டுகளுக்கா ஐந்தாம் ஆண்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.